கும்பிடு பெண்ணுக்கு! கூலி யாருக்கு?

காரைக்காலில் வருஷந்தோறும் ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா என்பதாக ஒரு உற்சவம் நடந்து வருகின்றது. பிச்சாண்டவர் ஊர்வலம் வரும்போது ஜனங்கள் மாடியிலும் மெத்தையிலும் நின்று கொண்டு மாம்பழங்களைக் கூடை கூடையாக வீசுகிறார்கள். தெருவில் நிற்பவர்கள் முண்டியடித்துக் கொண்டு பிடிக்கிறார்கள். பிடித்த பழத்தைத் தின்றால் பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கை வேறு. கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு முதலிய கடற்கரை ஊர்களுக்கும் இது தங்கள் ஊர்த் திருவிழா மாதிரிதான்.

இவ்வளவு கொண்டாட்டமும் ஒரு பெண்ணின் பெயரால் நடக்கின்றது. அதைப் பார்த்துவிட்டு, “பாருங்கள், எங்கள் மதம் பெண்ணை எவ்வளவு உயர்வாக வைத்திருக்கின்றது” என்று பேசுகின்றவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு நடந்தது என்ன என்று பெரிய புராணக் கதையையே எடுத்துக் கொண்டு பார்ப்போம்.

புனிதவதி என்கின்ற பெண், புருஷன் அனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசித்து வந்த ஒரு அடியாருக்குப் போட்டுவிட்டாள். புருஷன் வந்து ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கேட்டான். “பசித்தவனுக்குக் கொடுத்துவிட்டேன்” என்று சொல்ல வாய் வரவில்லை. தன் வீட்டு மாம்பழம் ஒன்றைத் தானாகத் தர்மம் செய்ததைப் புருஷனிடம் சொல்லுவதைவிடக் கடவுளிடம் போய் வேறு பழம் வாங்கி வருவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கின்றது! கதையில் அற்புதம் என்று நாம் எதையாவது ஒப்புக் கொள்ளுவதானால் இந்தப் பயத்தைத்தான் ஒப்புக் கொள்ள வேண்டும். பிறகு நடந்ததோ, புருஷன் கப்பலேறிப் போய் பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டிக் கொண்டு பிள்ளையும் பெற்றுக் கொண்டான். சுற்றத்தார் இவளைக் கொண்டு போய் அவன் முன் நிறுத்தியபோது, “இவள் பெண் அல்ல, தெய்வம்” என்று சொல்லிப் பெண்டு பிள்ளையோடு காலில் விழுந்தான். அவனுக்காகவே சுமந்த சதை இனி எதற்கு என்று இவள் சதையை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கிக் கொண்டாள். அவன் செய்ததற்கு ஒரு சாமியும் தண்டனை கொடுத்ததாகக் கதையில் காணோம்.

காரைக்காலம்மையாரின் பாட்டைப் பற்றி நமக்குச் சண்டை இல்லை. பழந்தமிழில் இப்படிப் பாடிய பெண்கள் மிகச் சிலரே என்பதை நாம் அறிவோம். ஆனால் கதை கற்பிக்கின்ற பாடம் ஒன்று உண்டு. பெண்ணின் சதை புருஷனுக்காக. அவன் வேண்டாம் என்றால் அந்தச் சதைக்கு வேலை இல்லை. அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க மனமில்லாதவன் அவள் காலில் விழுந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. இந்தக் கும்பிடுகின்ற வித்தை அன்றோடு நின்றிருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

நிற்க. இன்றைக்குக் கோட்டுச்சேரிமேட்டிலும் அதன் வடக்கிலும் தெற்கிலும் உள்ள மீனவர் ஊர்களிலும் பெண்கள் பாடு என்ன? ஆண் இரவில் படகேறினால் காலையில் கரை சேருகிறான். அவனுடைய வேலை பெரும்பாலும் அத்தோடு முடிகின்றது. அவன் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலை அது, அதை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் கரையில் விழுந்த மீனைச் சோறாக்குகிறவள் யார்? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, வட்டிக்குக் கடன் வாங்கிய பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டு ஏலத்துக்கு ஓடுகிறவள் அவள். எடுத்த மீனைக் கூடையில் ஐஸ் போட்டுச் சுமந்து ஊர் ஊராகத் தெருத் தெருவாகக் கூவி விற்கிறவளும் அவள். விற்காததைக் கருவாடாக்குகிறாள். சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்படிக்குப் போகிறாள். மீனுக்கு மட்டும் விலை உண்டு, மீன்காரிக்கு மரியாதை கிடையாது. 2021 டிசம்பரில் குமரி ஜில்லா குளச்சலில், மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு வயதான மீன்காரப் பெண்ணைச் சர்க்கார் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவள் பஸ் நிலையத்தில் நின்று கதறியதை நாடெல்லாம் பார்த்த பிறகுதான் நடவடிக்கை எடுத்தார்கள். அந்த மீனைக் குழம்பு வைத்துத் தின்கின்ற மூக்குக்கு நாற்றம் தெரிகிறதில்லை போலும்!

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் முட்டையிடும் காலம் என்று மீனுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அடுப்புக்குத் தடைக்காலம் என்று எந்தச் சர்க்காராவது உத்தரவு போட்டதுண்டா?

இந்த உழைப்பை அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், அளந்திருக்கிறார்கள். அளந்தது நம்மைப் போன்ற நாஸ்திகர்கள் அல்ல; இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே அளந்தது. 2019ஆம் வருஷத்து நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, சமையல், துவைத்தல், பெருக்குதல் முதலிய கூலியில்லாத வீட்டு வேலையை ஒரு நாளில் செய்தவர்கள் 100 பெண்களில் 81 பேர், 100 ஆண்களில் 26 பேர்தான். செய்தவர்களுக்குள்ளும் பெண்ணுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். 2024ஆம் வருஷத்துக் கணக்கில் அது 289க்கு 88 என்று ஆகியிருக்கின்றது. பெண்ணுக்கு 10 நிமிஷம் குறைந்தது. உடனே ஆணும் 9 நிமிஷம் குறைத்துக் கொண்டான்! வித்தியாசம் நாளொன்றுக்கு 201 நிமிஷம். வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் எட்டு மணி நேர வேலை நாளாக 150 நாளுக்கு மேல் வருகின்றது. வருஷத்தில் ஐந்து மாதம் ஒருவன் சம்பளமில்லாமல் மற்றொருவனுக்கு வேலை செய்தால் அதற்கு உலகம் கொத்தடிமை என்று பெயர் சொல்லும். வீட்டுக்குள் நடந்தால் மட்டும் குடும்ப லட்சணம் என்கிறது.

வெளி வேலையின் கணக்கும் இப்படியேதான். 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 23 பேர்தான் உழைப்பாளர் கணக்கில் இருந்தார்கள். 2023-24இல் அது 41க்கு மேல் ஏறிவிட்டது என்று தேசாபிமானிகள் மார்தட்டுகிறார்கள். ஏறியவர்கள் எங்கே ஏறினார்கள் என்று அதே கணக்கில் பார்த்தால், வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்கிறவர்கள். அதாவது புருஷன் கடையில், மாமனார் வயலில், மகன் படகில். முன்பு கணக்கில் எழுதாமல் வேலை வாங்கினார்கள். இப்போது கணக்கில் எழுதி வேலை வாங்குகிறார்கள். கூலி மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இனி உடம்புக்கு வருவோம். 2019-21ஆம் வருஷத்துத் தேசியக் குடும்ப நலக் கணக்கில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. அதற்கு முந்தின கணக்கில் 53. ஆகவே நோய் குறையவில்லை, கூடியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53. “தரித்திர தேசம், என்ன செய்வது” என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். தரித்திரம் என்றால் ஒரே வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அதே கணக்கில் ஆண்களுக்கு இரத்தச் சோகை நூற்றுக்கு 25தான். மாதவிலக்கும் பிரசவமும் பெண்ணின் இரத்தத்தைக் குறைக்கின்றன என்பது வைத்தியம் அறிந்த விஷயம். அப்படியானால் அவளுக்கல்லவா முதலில் மீனும் கீரையும் முட்டையும் போட வேண்டும்? நமது வீடுகளில் புருஷனுக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு அடுத்தது, சட்டியில் ஒட்டியது அவளுக்கு. கடைசியில் தின்பவளே கற்புக்கரசி என்று பாட்டி முதல் பாடப்புத்தகம் வரை சொல்லிக் கொடுக்கிறார்கள். காலையில் கரைக்குப் போகிறவள் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். அதனால் வருகின்ற நீர்க்கடுப்பையும் வெளியில் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், வாங்கித் தின்னட்டும். ஆனால் பந்தி வரிசையை மாற்ற மாத்திரை இல்லை.

டயான் காஃபி என்ற அம்மையார் 2015இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். கர்ப்பம் தரிக்கப் போகிற சமயத்தில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 42 பேர் எடை குறைந்து இருக்கிறார்கள். நம்மைவிடத் தரித்திரமான ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள தேசங்களிலோ 16 பேர்தான் என்று கணக்கிட்டிருக்கிறார். நம்மைவிட ஏழை, நம்மைவிடப் பள்ளிக்கூடம் குறைவு, ஆனாலும் அங்கே தாய் தின்கிறாள். இங்கே தாய் கும்பிடப்படுகிறாள்.

ஏழை நாடுகளில் பெண்ணின் வேலையையும் உடம்பையும் பற்றி ஆராய்வதையே தமது பெருந்தொழிலாகக் கொண்ட ஒரு பொருளாதார நிபுணர் சீமா ஜெயச்சந்திரன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் பேராசிரியர். பெண்ணின் தாழ்நிலைக்குத் தரித்திரம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. கலியாணமானதும் பெண் புருஷன் வீடு போவது, வயதான காலத்தில் மகன்தான் காப்பாற்றுவான் என்பது, வரதட்சணை, மகன்தான் கர்மம் செய்ய வேண்டும் என்பது ஆகிய வழக்கங்கள் தனிக் காரணங்கள் என்று 2015இல் அவர் எழுதினார். பணம் பெருகினால் பெண் தானாக உயர்ந்துவிடுவாள் என்று சொல்லும் சோம்பேறி வாதத்துக்கு இது நல்ல பதில்.

அவரும் ரோகிணி பாண்டே என்ற அம்மையாரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியை நமது வாசகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும். இந்தியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிடக் குள்ளமாக இருப்பது ஏன் என்பது கேள்வி. 1,68,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் உயரக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் பிறந்த வரிசையைப் பொறுத்து இருந்தது. இரண்டாவது குழந்தை, மூன்றாவது குழந்தை என்று போகப் போக இந்தியக் குழந்தை ஆப்பிரிக்கக் குழந்தையைவிட வேகமாகத் தேய்ந்து கொண்டே போகிறது. காரணம் மூத்த மகன் மேலுள்ள மோகம். மூத்தது மகனாகப் பிறந்தால் வீட்டுப் பாலும் வைத்தியமும் அவனுக்கு. பெண்ணாகப் பிறந்தாலோ மகன் பிறக்கும் வரை பெற்றுக் கொண்டே போகவேண்டும். கடைசியில் எல்லோர் சோற்றிலும் கை வைக்க வேண்டியதாகிறது. மகன் மோகம் அதிகமான பிரதேசங்களிலும் மதங்களிலும் இந்தத் தேய்வு அதிகமாகவும், குறைந்த இடங்களில் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இது ஒன்றினாலேயே விளக்கிவிடலாம் என்பது அவர்கள் முடிவு.

அதாவது என்ன? செத்த பிறகு கொள்ளி வைக்கவும் பிண்டம் போடவும் மகன் வேண்டும், இல்லாவிட்டால் ‘புத்’ என்கின்ற நரகம் என்று சாஸ்திரக்காரன் எழுதி வைத்தான். அந்த நரகத்தைப் போய்ப் பார்த்து வந்தவன் ஒருவனும் இல்லை. ஆனால் அந்த நரகத்தின் பயனாக உயிரோடு இருக்கும் குழந்தைகளின் எலும்பு குட்டையாகப் போயிருக்கிறதைக் கோல் வைத்து அளந்து காட்டிவிட்டார்கள். நாம் மூடநம்பிக்கை என்று சொல்லும் போதெல்லாம், “அதனால் யாருக்கு என்ன நஷ்டம், ஒரு மன ஆறுதல்தானே” என்று கேட்கின்ற பெரிய மனிதர்களுக்கு இந்தக் கணக்கைத் தபாலில் அனுப்பலாம்.

அதற்கு முன்னேயே, 2011இல், இவரும் இலியானா குசிம்கோ என்பவரும் இந்தியத் தாய்மார்கள் பெண் குழந்தைக்கு ஆண் குழந்தையைவிடக் குறைந்த காலம் பால் கொடுப்பதை ஆராய்ந்தார்கள். தாய்க்கு மகள் மேல் வெறுப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. பால் கொடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிப்பது தாமதமாகும். பெண் பிறந்த வீட்டில் “அடுத்ததாவது மகனாகட்டும்” என்று அவசரம். அந்த அவசரத்தில் பால் சீக்கிரம் நிற்கிறது. சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் பால் நின்ற குழந்தை சாகிறது. கள்ளிப்பால் ஊற்றினால் கொலை என்று சட்டம் சொல்லும். தாய்ப்பாலை நிறுத்தினால் எந்தச் சட்டமும் கேட்காது.

“இதெல்லாம் வடநாட்டுக் கதை, நம் தமிழ்நாட்டில் இப்படி இல்லை” என்று சொல்லுவார்கள். வடநாட்டைவிட நம் பக்கம் தேவலை என்பது மெய்தான். தமிழ்நாட்டில் இன்று ஒரு பெண் சராசரி இரண்டு பிள்ளைகூடப் பெறுவதில்லை. நெல் நடவு செய்கின்ற பிரதேசங்களில், பெண்ணின் கைக்கு வயலில் வேலை உள்ளதால், பெண் குழந்தைகள் அதிகமாக உயிர் பிழைக்கிறார்கள் என்று பிரணாப் பர்தன் என்ற பொருளாதாரக்காரர் 1974லேயே எழுதினார். காவிரிப் பாசனத்தில் உள்ளவர்களுக்கு இது புரியும். ஆனால் இந்த வாதத்திலும் ஒரு முள் இருக்கிறது. வேலைக்கு ஆகும் என்பதற்காகத்தான் பெண் பிழைக்கிறாள் என்றால், நடவு யந்திரம் வந்த பிறகு அவள் எதற்காகப் பிழைப்பது? பெண் மனுஷி என்பதற்காகப் பிழைக்க வேண்டும் என்பதே நமது கட்சி. அன்றியும் நம் பக்கம் தேவலையானதற்குக் காரணம் பள்ளிக்கூடமும் மத்தியானச் சாப்பாடும் தாதிகளும் கலியாண வயது ஏறியதும் ஆகும். ஒரு கோயிலும் ஒரு சாஸ்திரமும் அதற்கு ஒரு காசு உதவியதில்லை.

அப்படித் தேவலையான நம் நாட்டிலும் கர்ப்பத்தடை யார் தலையில் விழுகின்றது? தமிழ்நாட்டில், 2019-21 கணக்குப்படி, கலியாணமான பெண்களில் நூற்றுக்கு 57க்கு மேல் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். ஆண் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூட அல்ல, ஆயிரத்துக்கு ஒன்று! ஆணுக்குச் செய்வது வயிற்றைக் கீறாத சின்ன வேலை, அன்றே வீட்டுக்கு நடந்து வரலாம். ஆனால் ஆண்மை போய்விடுமாம். பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்தால் போவதற்கு ஒன்றும் இல்லையாம். கர்ப்பத்தடை வேண்டும் என்று ‘குடி அரசு’ எழுதிய காலத்தில், மற்றவர்கள் தேசத்தின் தரித்திரத்துக்காக அதைக் கேட்டார்கள்; பெரியார் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். விடுதலைக்காகக் கேட்ட கத்தியைப் பெண்ணின் வயிற்றிலேயே நிறுத்திவிட்டு ஆண்கள் ஒதுங்கிக் கொண்டார்கள்.

இந்த அநியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் கடற்கரை 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தது. அந்த ஆழிப்பேரலையில் காரைக்காலைச் சுற்றியிருந்த நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் செத்தவர்கள் 6,065 பேர். அதில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883, மற்றவர்கள் குழந்தைகள். கடலூரில் கணக்கெடுத்தபோது பெண்கள் 391, ஆண்கள் 146 என்று இருந்தது. கடல் ஆண் பெண் பார்க்குமா? பார்க்காது. வேலைப் பங்கீடுதான் பார்த்தது. ஆழக்கடலில் அந்த அலை உயரம் தெரியாமல் போய்விடும். கரையை நெருங்கும்போதுதான் சுவராக எழும்பும். ஆகவே கடலில் இருந்த ஆண்கள் பலர் தப்பினார்கள். படகு வரும், மீன் வரும் என்று கரையில் காத்திருந்த பெண்களும் கரையோர வீட்டில் அடுப்படியில் இருந்த பெண்களும் அகப்பட்டுக் கொண்டார்கள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தாலும் பெண்ணுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கிறதில்லை. இடுப்பில் குழந்தை, காலில் சேலை. ஓட வேண்டிய வேளையில் மானத்தைப் பற்றிக் கவலைப்படும்படி அவளைப் பழக்கியிருந்தோம்.

செத்தவர்களோடு விஷயம் முடியவில்லை. பிள்ளைகளை அலைக்குக் கொடுத்த தாய்மார்கள் பலர் முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். அதை மாற்றும் ஆபரேஷன் செலவைத் தானே ஏற்பதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. இரக்கத்தினால் செய்த காரியம்தான். ஆனால் துக்கம் ஆறுமுன் அதே வயிறு மறுபடியும் கத்திக்குப் போயிற்று. முதலில் போதும் என்றதற்கும் அவள் வயிறு, பிறகு வேண்டும் என்றதற்கும் அவள் வயிறு!

நிவாரணத்தைப் பங்கிட்டதோ? பணமும் சாமானும் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தார் மூலமாகத் தலைக்கட்டுக் கணக்கில் போயிற்று. தலைக்கட்டு என்றால் நம் கடற்கரையில் கலியாணமான ஆண் என்று அர்த்தம். புருஷனை இழந்தவள், புருஷன் விட்டுப் போனவள், தனித்து மீன் விற்றுப் பிழைத்தவள் ஆகியவர்கள் பல ஊர்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். படகு போனவனுக்குப் படகு, வலை போனவனுக்கு வலை கொடுத்தார்கள். கூடையும் தராசும் வியாபார முதலும் போனவளின் நஷ்டம் நஷ்டமாகவே எழுதப்படவில்லை. ஏனென்றால் அவள் மீனவன் அல்ல, மீனவன் பெண்டாட்டி.

இந்த இடத்தில்தான் நாம் ஊர்ப் பஞ்சாயத்தாரை நேருக்கு நேர் கேட்கின்றோம். ஊர்க்கூட்டம் போடுகிறீர்கள், வரி வசூலிக்கிறீர்கள், எந்த வலை போடலாம் எந்த வலை போடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லுகிறீர்கள். ஊரில் பாதிப் பேரான பெண்களுக்கு அதில் உட்கார இடம் உண்டா? “அவர்கள் வரி கட்டுகிறதில்லையே” என்பீர்கள். யார் கேட்டு அவர்கள் இல்லை என்றார்கள்? ஆண் கட்டும் வரிப்பணம் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்றவள் கையிலிருந்து வந்ததல்லவா? “வழக்கம் இல்லை” என்பீர்கள். பைபர் படகும் ஐஸ் பெட்டியும் செல்போனும் எந்த வழக்கத்தில் இருந்தது? லாபமான இடத்தில் வழக்கத்தை மாற்றிக் கொள்ளத் தெரிந்தவர்களுக்கு நியாயமான இடத்தில் மட்டும் பாட்டன் ஞாபகம் வருகின்றது.

பஞ்சாயத்தாரைக் கேட்டுவிட்டு நம்மவர்களைக் கேட்காமல் விட்டால் யோக்கியமாகாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும், தகுதியுள்ள எந்த உத்தியோகத்துக்கும் பெண் போகலாம் என்று தீர்மானம் செய்தோம். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமானது 1989இல். காரைக்கால் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இல்லாததால் இங்கே மத்திய சட்டம் வந்த 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் 76 வருஷம்! பிரெஞ்சுக்காரன் போய், அவன் கொடியும் போய், அரை நூற்றாண்டு ஆனது. ஆனால் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாத காரியங்களும் உண்டு. புரோகிதன் இல்லாமல் கலியாணம் செய்து கொண்ட தோழர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அய்யர் இல்லாமல் தாலி கட்டியதில் இருந்த வீரம், மறுநாள் காலையில் சட்டி கழுவுவதில் எங்கே போயிற்று? மேடையில் மனுவைக் கொளுத்திவிட்டு வீட்டில் போய், “தண்ணீர் கொண்டு வா” என்று உட்கார்ந்த இடத்தில் அதிகாரம் செய்தால் மனு செத்தானா? திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

பழக்கம் மாறுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அதே ஆராய்ச்சிக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ஆண் திமிருக்குப் பேர்போன ஹரியானாவில் 314 சர்க்கார் பள்ளிக்கூடங்களை எடுத்துக் கொண்டு, அதில் ஒரு பகுதியில் மட்டும், ஏழாம் வகுப்பு முதலான பிள்ளைகளுக்கு ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றி இரண்டரை வருஷம் அவ்வப்போது பாடம் நடத்தினார்கள். பிற்போக்கான எண்ணங்களில் நூற்றுக்கு 16 பங்கு மாறியது என்று தீவா தர், தருண் ஜெயின், ஜெயச்சந்திரன் மூவரும் 2022இல் எழுதினார்கள். பையன்கள் வீட்டு வேலை அதிகம் செய்வதாகவும் சொன்னார்கள். பாடம் முடிந்து இரண்டு வருஷம் கழித்தும் அந்த மாறுதல் நின்றது. நூற்றுக்கு 16 தானா என்று சிரிக்க வேண்டாம். பிரசாரத்தால் பயனில்லை என்று நம்மைக் கேலி செய்தவர்களுக்கு அந்தப் பதினாறு போதும். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைப் புருஷன் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்தப் பாங்குக் கணக்கிலேயே போட்டு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிக் கொடுத்தபோது, முன்பு வெளியே விடப்படாத பெண்கள்கூட அதிகமாக வேலைக்குப் போனார்கள் என்று வேறொரு ஆராய்ச்சி 2021இல் காட்டியது. கூலி அவள் கைக்குப் போனால் கால் தானாக வாசற்படி தாண்டுகிறது.

ஆகவே, கோட்டுச்சேரிமேடு முதலாகப் பட்டினச்சேரி வரை உள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது: அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு தீர்மானம் கேளுங்கள். மீன் விற்கிற ஒவ்வொரு பெண்ணையும் தன் பெயரிலேயே ஊர் வரிக் கணக்கில் ஏற்ற வேண்டும், புருஷன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வரி கொடுப்பவளுக்குக் கூட்டத்தில் இடமும் பேச்சும் கொடுக்க வேண்டும். நிழற்கூரையும் கக்கூஸும் குடிதண்ணீரும் இல்லாத ஏலத் திடல்களில் அவற்றை முதலில் கேட்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கவும் அவர்கள் கேட்கலாம். கூட்டத்தில் சிரிப்பார்கள். தோளில் துண்டு போடக் கேட்ட போதும், தெருவில் நடக்கக் கேட்ட போதும் சிரித்தவர்கள்தானே? தோழர்கள் தனியாகப் போகாமல், தத்தம் வீட்டுப் பெண்களையும் கூட்டிக் கொண்டு போக வேண்டும். அன்று ராத்திரிச் சோற்றை வேறு யாராவது ஆக்கட்டும்.